பச்சை படர்ந்த நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள்

எந்த நீரின்மீது சந்தேகம் வந்தாலும் கொதித்தாறியதைக் குடித்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கிருமிக்கு அது சரி. நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரில் அது நமக்கு ஆபத்து. நான் விஞ்ஞானம் கற்பித்தவள். இதை அயலவரிடம் ஓயாமல் சொல்லிவருகிறேன்.

கொதிக்கும்போது பாசியின் கலங்கள் வெடித்து, ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு நீரில் கலக்கிறது. வெப்பம் அதை அழிப்பதில்லை. நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சியதில் நஞ்சு செறிவாகும். 2014இல் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குழாய் நீரில் இந்த நஞ்சு கலந்தபோது 4 இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் ‘குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்’ என்றார்கள். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இது கலந்த நீரால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளர் 50 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

கொழும்பில் குழாய் நீர் சுத்திகரிக்கப்பட்டே வருகிறது. என் கவலை பேரே வாவியின் கரையும், விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பிள்ளைகள் இறங்கும் குளங்களும்தான். கழிவுநீரும் உரமும் சேர்ந்த நீர், வெயில், காற்றில்லாத நாட்கள்: பாசிக்கு இவை போதும்.

நீண்ட தடியொன்றை நீரில் விட்டு எடுங்கள். நூல்நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. பெயின்ற் போலத் தடியில் பூசிக்கொண்டால் விலகுங்கள். நஞ்சு உண்டா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும். அதுவரை உண்டென்றே நடந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளை இறங்க விடாதீர்கள், விளையாட்டில் நீரை விழுங்கிவிடுவார்கள். நாய்களைக் கயிற்றில் பிடியுங்கள். ரோமத்தை நக்கியே நாய்கள் இறந்திருக்கின்றன. பாசி படர்ந்த காலத்தில் அங்கே பிடித்த மீன் வேண்டாம்.

தவறி நனைந்தால் உடனே குழாய் நீரில் சவர்க்காரமிட்டுக் குளிக்க வேண்டும். தோல் தடித்தல், கண் எரிவு, வாந்தி, வயிற்றோட்டம் ஏற்பட்டால் மருத்துவரிடம் போய், எந்த நீரில் இறங்கினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

கரையில் மீன்கள் செத்து மிதந்தால் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.