ஆசிட் டேங்கர் வந்தால்: குழாய் மாறாமல் இறக்குவது எப்படி?

எங்கள் சாயப்பட்டறைக்கு ஒருநாள் விடிகாலை 4 மணிக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லோடு வந்தது. தூக்கக் கலக்கத்தில் டிரைவர் ஓஸை ஹைப்போ (வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) தொட்டிக் குழாயில் மாட்டிவிட்டார். வால்வைத் திறக்கும் முன் நான் பார்த்துவிட்டேன். ஆசிட்டும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு குழாய்க்கும் ஒரே நிறம், ஒரே கப்ளிங் (ஓஸை மாட்டும் இணைப்பு), நடுவில் ஒரு முழ இடைவெளி.

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் ஆச்சிசன் ஊரில் இதேதான் நடந்தது. அங்கே கந்தக அமிலம் ஹைப்போ தொட்டிக்குள் போய்விட்டது. 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடினார்கள். அங்கும் குழாய்களுக்கு நடுவே ஒன்றரை அடிதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். கையுறை, முகக்கவசம் போடச் சொல்ல வேண்டியதில்லை.

1. வண்டியில் உள்ள யு.என். எண்ணை (எந்த ரசாயனம் என்று காட்டும் சர்வதேச எண்) சலானோடு ஒத்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் 1789, ஹைப்போ 1791. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வாய்விட்டுப் படியுங்கள்.

2. சாம்பிள் எடுங்கள். நான் சறுக்கிய இடம் இது. தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்பியிருந்தேன். 98 சதவீதக் கந்தக அமிலம் 1.84 காட்டும், அதில் குழப்பமில்லை. ஆனால் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் 1.15, ஹைப்போ 1.2 பக்கம். அவசரத்தில் இரண்டும் ஒன்றுதான். இப்போது அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஎச் தாள்தான். ஆசிட்டில் சிவக்கும். ஹைப்போவில் நீலமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும்.

3. குழாய் வாய்க்குப் பூட்டு போடுங்கள். சாவி ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் இருக்கட்டும், டிரைவரிடம் வேண்டாம். ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை, ஆசிட் புகையில் உரிந்துவிடும். ஆசிட்டுக்கு ஒரு அளவு, ஹைப்போவுக்கு வேறு அளவு கப்ளிங் வைத்தால் தவறாக மாட்டவே முடியாது.

4. இறக்கி முடித்ததும் வால்வுகளை மூடி, கப்ளிங்குக்கு அடியில் வாளி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஓஸில் மிச்சம் நிற்கும்.

5. சிந்தினால் காய்ந்த மணல். மரத்தூள் கூடவே கூடாது, ஹைப்போவோடும் கந்தக அமிலத்தோடும் சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

பின்சேர்க்கை: தொட்டி கசிந்தால் வெளியே ஓடாமல் பிடிக்கச் சுற்றித் தடுப்புச் சுவர் இருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று பதில் எழுதினேன். அப்புறம் இன்னொருவர், "மழைத்தண்ணீர் வெளியேற்றும் வால்வு மூடியிருக்கிறதா?" என்றார். போய்ப் பார்த்தேன். எங்களுடையது திறந்துதான் கிடந்தது, கசிந்தால் அதன் வழியே வெளியே ஓடிவிடும். கைப்பிடி துருவேறி, மூட அரைமணி நேரம் ஆனது.