ஈத்து ஓய்ந்த தாய் எலியை என்ன செய்வது?

வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று. பெட்டை எலி குட்டி போட ஏற்ற காலம் முதல் வருடத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மிச்சமிருக்கும் காலத்தைப் பற்றி, எலிகளை இனம் பெருக்கத் தொடங்கும் பலர் யோசிப்பதே இல்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவதற்கு முன்பே அதை யோசித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இப்போதுதான் யோசிக்கிறீர்கள் என்றாலும் சரி, கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

படி 1: எப்போது நிறுத்துவது

வயது பன்னிரண்டு மாதத்தை நெருங்கினால் அடுத்த ஈத்து வேண்டாம். அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுவதும் உண்டு. ஈத்துக்கு ஈத்து குட்டிகள் குறையும், இரண்டு ஈத்துக்கு நடுவே இடைவெளி நீளும், குட்டி பால் மறந்த பிறகும் தாயின் முதுகெலும்பு துருத்திக்கொண்டே இருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் வயதைப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். பிரசவம் கஷ்டப்பட்ட எலிக்கு இன்னொரு முறை என்ற பேச்சே கிடையாது.

ஆண் எலி இன்னும் அதிக நாள் சினைப்படுத்தும். ஆனால் வயதான ஆணுக்குப் பின்னங்கால் தளர்ந்துபோவது சகஜம். அது தெரிந்தால் அதற்கும் ஓய்வுதான்.

படி 2: ஆணைப் பிரித்துவிடுங்கள், கூட்டத்தைப் பிரிக்காதீர்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனிக்கூண்டில் போட்டால் வாடிப்போகும். எனவே ஓய்வு பெற்ற பெட்டையை மற்றப் பெட்டைகளோடு விடுங்கள். அதன் வளர்ந்த மகள்களோடு விட்டால் இன்னும் நல்லது, பழகும் வேலையே இல்லை.

பிரித்த அன்றே நிம்மதியாகிவிட வேண்டாம். சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும் என்பதால், பிரசவ நேரத்தில் ஆண் கூடவே இருந்திருந்தால் அது மீண்டும் சினையாகியிருக்க வாய்ப்பு அதிகம். பால் கொடுத்துக்கொண்டே சினையாக இருந்தால் நாள் இன்னும் தள்ளிப்போகும். அதனால் ஐந்து வாரம் வரை கவனித்து வாருங்கள். ஆண் குட்டிகளையும் ஐந்து வார வயதுக்குள் தாயிடமிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாயையே சினையாக்கிவிடும்.

ஜோடியைப் பிரிக்க மனமில்லையா? ஆணுக்குக் காயடிப்பது ஒரு வழி. வயிற்றைத் திறந்து செய்யும் பெண் எலி ஆபரேஷனைவிட இதில் ஆபத்து குறைவு. ஆனால் ஆபரேஷன் முடிந்தும் மூன்று நான்கு வாரம் ஆணைப் பெட்டைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதுவரை விந்து மிச்சமிருக்கும்.

படி 3: வாரம் ஒருமுறை எடை, வாரம் ஒருமுறை கை

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எலி நோயை மறைக்கும், எடை மறைக்காது.

அப்புறம், உடம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். ஆபரேஷன் செய்யாத வயதான பெட்டைகளுக்கு மார்பகக் கட்டி மிகவும் சாதாரணம். எலியின் பால் திசு கழுத்தடியிலிருந்து தொடை இடுக்கு வரை பரவியிருப்பதால் கட்டி அக்குளிலும் வரலாம், விலாப்பக்கத்திலும் வரலாம். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, தோலுக்கடியில் நகரும். ஆனால் வேகமாக வளர்ந்து நடையையே முடக்கிவிடும். பட்டாணி அளவில் இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டினால் எடுப்பது சுலபம். எடுத்த பிறகு வேறு இடத்தில் வரவும் கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சினைப்பையை இளம் வயதிலேயே எடுத்துவிட்டால் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இனப்பெருக்கத்துக்கு வைக்காத பெட்டைகளுக்கு இதை இப்போதே யோசிக்கலாம்.

கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாக வழிந்தால் பயப்படாதீர்கள், அது ரத்தம் அல்ல, எலியின் சுரப்பு. ஆனால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்பதன் அறிகுறி. மூச்சில் கரகரப்பும் சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். முன்னங்காலால் தீனியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவதும் தலை ஒருபக்கம் சாய்வதும் மூளையடியில் வரும் பிட்யூட்டரிக் கட்டியாக இருக்கலாம். காதில் வரும் தொற்றாகவும் இருக்கலாம்.

படி 4: கூண்டை மாற்றுங்கள்

உயரமான தட்டுகளை இறக்குங்கள், கம்பி வலைத் தரையைத் துணியால் மூடுங்கள். வயதான எலிக்குச் சிறுநீரகம் பலவீனமாகும். சினைக்காலத்தில் கொடுத்த முட்டை, கறி போன்ற புரதத்தைக் குறைத்து, கடினமான தீனியை வெந்நீரில் ஊறவைத்து ஆறியபின் கொடுங்கள்.

படி 5: வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால்

இரண்டாகவே கொடுங்கள், வயதை மறைக்காமல் சொல்லுங்கள். வெளியில் விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. கூண்டில் பிறந்த வெள்ளை எலிக்குப் பார்வை மந்தம், இரை தேடத் தெரியாது. பூனையோ காக்கையோ சீக்கிரமே முடித்துவிடும்.

படி 6: முடிவை யார் கையில் கொடுப்பது

சாப்பிடாமல், நகராமல், மூச்சுக்குத் தவிக்கும் எலியை இழுத்துப் பிடித்து வைப்பது அன்பு ஆகாது. மருத்துவர் முதலில் மயக்கவாயு கொடுத்து, பிறகு ஊசி போடுவார். ஃப்ரீசரில் உயிரோடு வைப்பது, தண்ணீரில் அமுக்குவது இரண்டும் கொடுமை.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பாம்புத் தீனிக்காக எலி வளர்ப்பவர்கள் ஈத்து ஓய்ந்த எலிகளைப் பெரிய பாம்புகளுக்குக் கொடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. சாகும் விதம்தான் முக்கியம். எலியைப் பெட்டியில் வைத்து, கரியமில வாயுவை மெதுவாக ஏற்ற வேண்டும். நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி. தெரிந்தவரிடம் நேரில் கற்காமல் செய்யாதீர்கள். மருத்துவர் ஊசி போட்டு இறந்த எலியைப் பாம்புக்குக் கொடுக்கவே கூடாது, மருந்து உடலில் தங்கியிருக்கும்.

இறந்த எலியைக் கூட்டாளிகள் சற்று நேரம் மோந்து பார்க்க விடுங்கள். இல்லாவிட்டால் சில எலிகள் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். கூண்டில் ஒன்றே ஒன்று மிஞ்சிவிட்டால், துள்ளித் திரியும் குட்டிகளைச் சேர்க்காமல் ஓய்வு பெற்ற இன்னொரு பெட்டையைத் தேடுங்கள். முதலில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்துப் பழக்கி, பிறகு இரண்டுக்கும் புதிதான இடத்தில் சேர்த்து விடுங்கள்.