பல்லைப் பிடுங்கும் முன்: தாடை எலும்புக் கட்டிகளை இனங்காணும் முறை

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒருவருக்குக் கன்னம் வீங்கினால் முதலில் எழும் கேள்வி, அது பொன்னுக்குவீங்கியா என்பதுதான். கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டுப் பத்து நாள் பார்ப்பார்கள். பொன்னுக்குவீங்கி அந்தப் பத்து நாளில் தானாகவே வடிந்துவிடும் என்பதால் பற்றுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. வடியாத வீக்கம்தான் பல் மருத்துவரிடம் வருகிறது. அங்கே கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவது தெரிந்தால், அதைப் பிடுங்கி ஐந்து நாள் மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற ஊர்களில் தனியாகத் தொழில் செய்யும் இளம் பல் மருத்துவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் காலத்தைக் கேட்க வேண்டும். சீழ்க்கட்டி சில நாட்களில் வலியோடு வரும். பல் உருவாக்கும் திசுக்களிலிருந்து பிறக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளரும். நோயாளிக்கே வீக்கம் எப்போது தொடங்கியது என்பது தெரியாமலிருக்கும் என்பதால், ஆதார் அட்டைப் படத்தையோ கைபேசியிலுள்ள பழைய கல்யாணப் படத்தையோ வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். வாய்ச்சொல்லைவிடப் படம் நம்பகமானது. பல்செட் திடீரென்று பொருந்தாமல் போனது, பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்தது, நிரந்தரப் பல் வரவேண்டிய வயதில் முளைக்காமலிருப்பது ஆகியவற்றையும் கேட்க வேண்டும். பல் பிடுங்காமலும் அடிபடாமலும் கீழுதடு மரத்துப்போயிருந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. தாடை எலும்பில் புற்றுநோய் இருப்பதற்கோ, மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு போன்ற இடங்களிலிருந்து அது பரவியிருப்பதற்கோ முதல் அடையாளம் அந்த மரப்பாக இருக்கலாம். புகையிலை, வெற்றிலைப் பழக்கம் உள்ளவருக்கு ஈற்றுப் புண்ணிலிருந்து எலும்புக்குள் இறங்கிய புற்றுநோயும் ஆடும் பல்லாகவே முதலில் வந்து நிற்கும்.

அடுத்தது விரல். கன்னப் பக்கம், நாக்குப் பக்கம் இரண்டையும் தடவிப் பார்க்க வேண்டும். பல்லின் சீழ் பெரும்பாலும் கன்னப் பக்கமே புடைக்கும். எலும்பு இரு பக்கமும் புடைத்திருந்தால் கட்டியை நினைக்க வேண்டும். எலும்பு மெலிந்துபோன இடத்தை அழுத்தினால் முட்டையோடு நெரிவது போன்ற உணர்வு விரலுக்குத் தட்டுப்படும். துடிப்புத் தெரிந்தாலோ, ஈற்றைச் சுற்றிக் காரணமின்றி இரத்தம் கசிந்தாலோ, பல்லை அழுத்தினால் உள்ளே அமிழ்ந்து மறுபடி எழுந்தாலோ, அது இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கக்கூடும். அந்தப் பல்லைச் சிறு மருத்துவமனை நாற்காலியில் வைத்துப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்ற சோதனை. ஒரு பனிக்கட்டித் துண்டு போதும், ஐந்து நிமிடம் ஆகாது. இருந்தும் மிக அதிகமாகத் தவிர்க்கப்படுவது இதுதான். தாடையில் காணப்படும் நீர்க்கட்டிகளில் மிகுதியானது செத்த பல்லின் வேர் நுனியில் வருவது. ஆகவே எக்ஸ்ரேயில் வேரடியில் கருநிழல் தெரிந்து, பல்லும் செத்திருந்தால், வேர் சிகிச்சையோடு முடியக்கூடிய விஷயமாக இருக்கலாம். பல் உயிரோடிருந்தால் அந்த நிழலுக்குப் பல் காரணமல்ல; வேர் சிகிச்சை செய்வதும் பிடுங்குவதும் அடியிலுள்ள நோயை மறைப்பதிலேயே முடியும்.

இரண்டு மூன்று பற்களை மட்டும் காட்டும் சிறு எக்ஸ்ரே இங்கே போதாது. இரு தாடைகளையும் முழுமையாகக் காட்டும் ஓபிஜி படம் எடுக்க வேண்டும். நிழலின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கிறதா, அரித்தாற்போல் கலைந்திருக்கிறதா. வேர்கள் ஒதுங்கியிருக்கின்றனவா, கரைந்திருக்கின்றனவா. கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். பல் திசுவிலிருந்து வருவன பொதுவாகக் குழாய்க்கு மேலேயே தொடங்கும்.

பல் உருவாக்கும் திசுவிலிருந்து பிறக்கும் கட்டிகளில் ஒன்றான அமெலோபிளாஸ்டோமாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறவிட்டால் தாடையையே இழக்கச் செய்வது இது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில், முப்பது நாற்பது வயதையொட்டி வரும். படத்தில் சோப்பு நுரை போலவோ தேன்கூடு போலவோ பல அறைகளாகத் தெரியும், வேர்களைக் கரைக்கும். புற்றுநோய் அல்ல என்றாலும், எலும்பின் இடுக்குகளுக்குள் ஊடுருவியிருப்பதால் வெறுமனே சுரண்டி எடுத்தால் பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரும். சிக்கல் எங்கே என்றால், இதன் ஒற்றை அறை வகை இளவயதினரின் ஞானப்பல்லைச் சுற்றி வரும்போது, முளைக்காத பல்லின் தலையைச் சூழும் சாதாரண நீர்க்கட்டியைப் போலவே தோன்றும். எத்தனை அனுபவமிருந்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது.

மேல்தாடைக் கோரைப்பல் முளைக்காத பதின்வயதுப் பெண்ணிடம் அதே தோற்றம் இருந்தால் அடினோமட்டாய்டு வகைக் கட்டியாக இருக்க வாய்ப்புண்டு. அது எளிதில் உரிந்து வரும், திரும்புவது அரிது. வெள்ளை நிழலாக, குட்டிப் பற்கள் அடுக்கினாற்போல் தெரிவது ஓடோன்டோமா. 2019இல் சென்னையில் ஏழு வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து எடுக்கப்பட்ட 526 பற்கள் இவ்வகையே. தாடையைப் புடைக்க வைக்காமல் எலும்பின் நீளவாக்கில் ஊர்ந்து செல்வது கெரட்டோசிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதைக் கட்டி என்றும் 2017இல் மறுபடி நீர்க்கட்டி என்றும் வகைப்படுத்தியது. பெயர் எதுவானாலும் அது திரும்ப வரும் குணம் மாறவில்லை. ஒருவருக்கே பல கெரட்டோசிஸ்ட்கள் இருந்தால் பரம்பரை நோயைத் தேட வேண்டும். பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கருங்கோடு சீராக அகன்றிருந்து, ஈற்று நோயும் இல்லையென்றால், எலும்புப் புற்றுநோயை நினைத்து அன்றே அனுப்பிவிட வேண்டும்.

மேல்தாடைக் கட்டிகளுக்கு ஓபிஜி மட்டும் போதாது, சிடி ஸ்கேன் தேவை. சைனஸ் வழியாகக் கண்ணை நோக்கி ஏறியிருப்பதை அதில்தான் பார்க்க முடியும்.

கருநிழலைத் திறக்கும் முன் ஊசியால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். இரத்தம் வேகமாக ஏறினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வைக்கோல் நிற நீர் நீர்க்கட்டியையும், வெண்ணெய் போன்ற வெள்ளைப் பொருள் கெரட்டோசிஸ்டையும் சுட்டும். ஒன்றுமே வராவிட்டால் திடக்கட்டியாக இருக்கலாம். பயாப்ஸியில், அதாவது திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில், இராட்சத செல்கள் (பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள்) காணப்பட்டால் இரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கக் கூடாது. குற்றம் தாடையில் இல்லாமல் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியில் இருக்கக்கூடும்.

இறுதி முடிவு பயாப்ஸியில்தான். மேலாக ஈற்றுத் தோலை மட்டும் கிள்ளி அனுப்பினால் பயனில்லை. திசுவை உடனே 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். சலைன் பாட்டிலிலும் ஸ்பிரிட்டிலும் மிதந்து வந்த திசுக்களை நான் பார்த்திருக்கிறேன், அவற்றிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. படத்தின் பிரதியையும் உடன் அனுப்ப வேண்டும். எலும்பு கலந்திருந்தால் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்க நாளாகும் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிடலாம். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்களிடம் கோபப்படாமல், சோதனைக்காக எடுக்கும் துணுக்கால் நோய் முற்றுவதில்லை, பெயர் தெரியாமல் காத்திருக்கும் மாதங்களில்தான் முற்றுகிறது என்று உட்கார வைத்து விளக்க வேண்டும்.

மேற்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், நகரையொட்டிய பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போவது நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச்செல்லச் சொல்ல வேண்டும். அனுப்பும் சீட்டில் “தாடை வீக்கம்” என்று மட்டும் எழுதாமல், எந்தப் பல் உயிரோடிருக்கிறது, ஊசியில் என்ன வந்தது, உதடு மரத்திருக்கிறதா என்று மூன்று வரி எழுதினால் அங்குள்ளவர்களுக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

ஓபிஜி படத்தை ரேஷன் அட்டை வைக்கும் பெட்டியிலேயே வைக்கும்படி நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். அமெலோபிளாஸ்டோமா எடுக்கப்பட்டவர் பத்து ஆண்டு கழித்து வரும்போதும், புதிய படத்தில் தெரியும் சிறு நிழல் பழைய தழும்பா, திரும்பி வந்த கட்டியா என்பதைப் பழைய படத்தை அருகில் வைத்துத்தான் சொல்ல முடியும்.