252 குதிரையா, 510 குதிரையா: சொகுசு ஜீப்பை லீசிங்கில் எடுப்பது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். போன வருடம் பழைய போர்ஷே மக்கான் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். அன்றிலிருந்து கோணேசர் கோயிலடியில் கண்டாலும் சரி, மீன் சந்தையில் கண்டாலும் சரி, ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி எடுத்தனீங்கள், மாதம் எவ்வளவு?" ஒவ்வொருவருக்கும் சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். அடையாள அட்டைப் பிரதி, கரண்ட் பில், பிணையாளர் எல்லாம் மோட்டார் சைக்கிள் லீசிங் எடுத்தவருக்கே தெரிந்த விஷயம், அதற்குள் நான் போகவில்லை.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யூடியூபில் அமெரிக்கர்கள் பேசும் லீசிங் வேறு, நம்முடையது வேறு. அங்கே மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், வருடத்துக்கு இத்தனை மைல்தான் ஓடலாம் என்று எல்லையும் உண்டு. இங்கே இலங்கையில் தவணை முடிந்தால் வாகனம் நமக்கு. அதுவரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், நீங்கள் வைத்திருந்து ஓட்டுகிறவர் மட்டுமே. தவணை பிந்தினால் வந்து தூக்கிக்கொண்டு போவதும் அதனால்தான்.

படி 1: எத்தனை குதிரை வேண்டும்

எல்லாரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் முதலில் யோசிக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்றக் கணக்கெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

என் பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டு. ஒன்று 2 லீட்டர், நான்கு சிலிண்டர் மக்கான்: 252 குதிரைச் சக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.7 செக்கன். மற்றது மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிஎல்சி 63 எஸ், 4 லீட்டர் வி8 எஞ்சின் உள்ளது: 510 குதிரைச் சக்தி, 3.8 செக்கன். காகிதத்தில் இது போட்டியே இல்லை.

ஆனால் ஓடப்போவது எந்த ரோட்டில்? வேக எல்லை ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதை ஏறினால் 100. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் நேர் ரோட்டில் ஜிஎல்சியின் பெடலில் காலை வைத்தேனோ இல்லையோ 70 போய்விட்டது, அப்புறம் முழு நேரமும் அதை அடக்கிக்கொண்டிருப்பதுதான் வேலை. இரவில் அந்தப் பக்கம் யானை நிற்கும். அந்த நேரத்தில் நமக்குத் தேவை நல்ல பிரேக்கும் நல்ல லைட்டும், 510 குதிரை அல்ல. ஊருக்குள் வந்தாலோ பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நடு ரோட்டில் நின்று நம்மை மேலும் கீழும் பார்க்கும்.

திருகோணமலையில் ஒரு வாகனத்தின் வளைவுக் குணத்தைப் பார்க்க இடமில்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்கும்போதே முடிந்துவிடும். அதனால் இரண்டையும் கண்டி மகியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவுக்குக் கொண்டுபோனேன், பெட்ரோல் செலவு என்னுடையது என்று கேட்டதும் இரண்டு உரிமையாளர்களும் சம்மதித்தார்கள். அங்கேதான் முடிவானது. மக்கானின் முன்பக்கத்தில் சின்ன எஞ்சின், பாரம் குறைவு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். ஒவ்வொரு வளைவு முடிந்தும் பெடலை அடிமட்டம் மிதிக்கலாம், எஞ்சின் முழுதாக வேலை செய்யும். ஜிஎல்சியில் பெடலை மிதிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது, பாதிச் சக்திக்கு மேல் நான் தொடவே இல்லை. புதிய ஜிஎல்சி 63க்கு வி8 போய், 2 லீட்டர் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து 680 குதிரை வந்திருக்கிறது, ஆனால் பற்றரியும் மோட்டாரும் சேர்ந்ததில் பாரம் 2,300 கிலோ அளவில் நிற்கிறது. பாரம் கூடினால் வளைவில் அதைச் சுமப்பது டயரும் நாமும்தான்.

சக்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சின்ன இடைவெளியில் முந்தும்போது அதன் அருமை தெரியும். அதற்கு 252 தாராளம்.

படி 2: வட்டி, நான் ஏமாந்த இடம்

இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

முதலில் போன கம்பனியில் இருந்த தம்பி, "அண்ணா, எங்கட வீதம் 8தான்" என்றார். இரண்டாவது இடத்தில் 13 என்றார்கள். 13 எங்கே, 8 எங்கே என்று சிரித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மகா தவறு.

8 என்பது 'பிளாட்'. நீங்கள் எவ்வளவு கட்டி முடித்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படும். 13 என்பது குறைந்துகொண்டு போகும் மீதிக்கு. 1 கோடி ரூபாய், 60 மாதம் என்று வைத்துப் பாருங்கள். பிளாட் 8இல் வட்டி 40 லட்சம், தவணை 233,333. குறையும் மீதிக்கு 13இல் தவணை ஏறக்குறைய 227,530. அதாவது '13' காரர் மாதம் 5,800 ரூபாய் மலிவு, ஐந்து வருடத்தில் மூன்றரை லட்சம் அளவில் வித்தியாசம்! பிளாட் 8இன் உண்மையான வருட வீதம் 14.1.

ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள். எவ்வளவு கையில் தருகிறீர்கள், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து எக்ஸெலில் ரேட் (RATE) என்ற சூத்திரத்தில் முதலில் மாத எண்ணிக்கை, அடுத்து கழித்தல் குறியோடு தவணை, கடைசியில் கடன் தொகை போட்டு, வரும் விடையை 12ஆல் பெருக்குங்கள். போனில் கிடைக்கும் லீசிங் கல்குலேட்டர் செயலிகளை நான் நம்புவதில்லை. பிளாட்டா இல்லையா என்பதைப் பாதி செயலிகள் சொல்வதே இல்லை.

பின்னர் சேர்த்தது: முதல் தவணையைக் கையெழுத்து வைக்கும் அன்றே வாங்குகிறார்கள், அது சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்குவார்கள்தான், ஆனால் கணக்கு மாறும். அப்போது உங்கள் கைக்கு உண்மையில் வருவது 1 கோடி இல்லை, ஒரு தவணை குறைந்த தொகை, மிச்சம் 59 மாதம். மேலே சொன்ன 14.1 இப்படி ஏறக்குறைய 14.7 ஆகிவிடும். ஆவணக் கட்டணத்தையும் இதே மாதிரிக் கழித்துப் பாருங்கள்.

படி 3: எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது

கொழும்புக்காரர் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். லீசிங் கம்பனி பெரும்பாலும் கடைசி ஆறு மாத வங்கிக் கூற்றைத்தான் கேட்கும். நமக்கு உல்லாசப் பயணிகள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. நான் விண்ணப்பித்தது பெப்ரவரியில். மாரி மழையில் வெறிச்சோடிக் கிடந்த மாதங்களைப் பார்த்துவிட்டு, இந்த வருமானத்துக்கு இந்தத் தவணை எப்படி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒக்டோபரில் அதே கடையில் அதே ஆள் போனேன், கேள்வியே இல்லை. விடுதி, படகு, சுழியோடல் என்று தொழில் செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சீசன் மாதங்களில் கூட, மற்ற மாதங்களில் குறைய என்று தவணையைப் பிரித்துத் தரவும் கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

படி 4: மதிப்பீடு

விற்பவர் 2 கோடி சொல்கிறார். நீங்கள் பாதி கையிலிருந்து, பாதி லீசிங் என்று நினைத்துக்கொண்டு 1 கோடியோடு போகிறீர்கள். மதிப்பீட்டாளர் 1 கோடி 80 லட்சம் என்று எழுதுகிறார். கம்பனி பாதி தருவது அவர் எழுதிய தொகைக்கு, விற்பவர் கேட்டதற்கு அல்ல. ஆக 90 லட்சம்தான் வரும், மிச்சம் 10 லட்சத்துக்கு ஓடித் திரிய வேண்டும். (பாதி என்பது உதாரணத்துக்கு. எத்தனை வீதம் தரலாம் என்ற எல்லையை மத்திய வங்கி அவ்வப்போது மாற்றும், போகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) முற்பணம் கொடுத்து வாகனத்தைப் பிடிக்கும் முன் மதிப்பீட்டைச் செய்துவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, இடையில் ஏறிய பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: தவணைக்கு வெளியே

முழுக் காப்புறுதி கட்டாயம், மூன்றாம் தரப்பு போதாது. அதை 12ஆல் பிரித்துத் தவணையோடு கூட்டுங்கள். பெட்ரோல் 95 ஒக்டேன், எல்லா பெட்ரோல் செட்டிலும் இருக்காது, கொழும்பு ஓட்டத்துக்கு முன் ஊரிலேயே நிரப்பிவிடுவேன். டயர் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு வேறு அளவு (18 அங்குலத்தில் 235உம் 255உம்), அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட முடியாது. 21 அங்குல ரிம் அழகுதான், நான் 18ஐ விட்டு அசையமாட்டேன். புல்மோட்டைப் பக்கம் ஒரு தரம் போய்வந்தால் காரணம் முதுகுக்குத் தெரியும். கடற்கரையில் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒரு தடவை அடிப்பாகத்தையும் நன்னீரில் கழுவுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அப்போ 63 எடுக்கிறவன் மடையனா அண்ணா?" இல்லை. அந்த வி8இன் சத்தத்துக்காகவே எடுக்கலாம், நானே அன்று கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். தவணை, காப்புறுதி, நான்கு டயர் எல்லாவற்றையும் கூட்டி, டிசம்பர் மாத வருமானத்தில் கட்ட முடிந்தால் எடுங்கள் தம்பி. ஓகஸ்ட் வருமானத்தை வைத்துப் பார்க்க வேண்டாம்.