நிசான் மாதத்தைக் கணித்து அறிவதும் அதன் நாட்களோடு வேதாகமத்தைப் படிப்பதும் எப்படி?

வேதாகமத்தில் "முதலாம் மாதம் பதினாலாம் தேதி" என்று வரும் இடங்களை நம்மில் பலர் ஜனவரியை நினைத்தோ, தேதியைப் பொருட்படுத்தாமலோ கடந்துவிடுகிறோம். அந்த முதலாம் மாதம் நிசான். யாத்திராகமம் அதை ஆபிப் என்றழைக்கிறது. சிறையிருப்புக்குப் பிந்தைய நெகேமியா, எஸ்தர் நூல்களில் அது பாபிலோனியர் வழங்கிய நிசான் என்ற பெயரோடு வருகிறது. ஆபிப் என்ற எபிரெயச் சொல்லுக்கு, மணி பிடித்தும் பசுமை மாறாமல் நிற்கும் வாற்கோதுமைக் கதிர் என்பது பொருள். வயலின் நிலையே மாதத்தின் பெயராக நின்றது என்பதை மனதில் இருத்திக்கொண்டு படித்தால்தான் இந்த மாதம் நமக்குத் திறக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிசான் வசந்தகாலத்தில் வருவதால், நடப்பு ஆங்கில ஆண்டோடு 3760-ஐக் கூட்டினால் அப்போதைய எபிரெய ஆண்டு கிடைக்கும். 2026-க்கு அது 5786. அந்த எண்ணை 19-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 ஆகியவற்றுள் ஒன்றானால் அது பதின்மூன்று மாதங்கள் கொண்ட ஆண்டு. அதில் நிசானுக்கு முன் ஆதார் மாதம் இரண்டு முறை வரும். 5786-க்கு மீதி 10 என்பதால் கூடுதல் மாதம் இல்லை; நிசான் முதல் தேதி 2026 மார்ச் 19-இல் அமைகிறது. 5787-க்கு மீதி 11 என்பதால், நிசான் 2027 ஏப்ரல் 8-க்குத் தள்ளிப்போகிறது.

இந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே ஆகும். சூரிய ஆண்டுக்கு அது 11 நாட்கள் குறைவு. அந்தக் குறையை அப்படியே விட்டால், எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கிக் குளிர்காலத்துக்குள் போய்விடும். ஆபிப் மாதத்தைக் கவனித்துப் பஸ்காவை ஆசரிக்க வேண்டும் என்ற உபாகமக் கட்டளையோ நிறைவேறாது. பழங்காலத்தில் வாற்கோதுமை முற்றியதா, மரக்கனிகள் எந்த நிலையில் உள்ளன, பகலும் இரவும் சமமாகும் வசந்தச் சமநாளைச் சூரியன் எட்டுமா என்ற மூன்றையும் ஆராய்ந்தே மூப்பர்கள் ஒரு மாதத்தைக் கூட்டினார்கள். இப்போதுள்ள நிலையான கணக்கை நான்காம் நூற்றாண்டின் யூதத் தலைவரான இரண்டாம் ஹில்லேலுக்கு உரியதாக மரபு சொல்கிறது. கதிர் முற்றுவதற்காக ஒரு தேசத்தின் நாட்காட்டியே ஒரு மாதம் காத்து நின்றது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

தேதியை நிலவில் சரிபார்க்கவும் முடியும். நம் தமிழ் மாதங்கள் சூரியனை ஒட்டியவை, நிசானோ பிறையில் தொடங்கி முப்பது நாட்கள் நீள்வது. ஆகவே அதைப் பங்குனி என்றோ சித்திரை என்றோ ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பஸ்கா நாளான நிசான் 15 முழுநிலவையொட்டி வருவதால், சுவர் நாட்காட்டியில் பங்குனி, சித்திரை மாதப் பௌர்ணமிகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் அவற்றுள் ஒன்றின் அருகில் இருக்கும். 2024-இல் அது ஏப்ரல் 23, சித்திரைப் பௌர்ணமி நாள். எபிரெய நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது: 2026-இல் ஏப்ரல் 2 என்று குறிக்கப்படும் பஸ்கா, ஏப்ரல் 1 மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஈஸ்டரை வைத்து நிசானைக் கணிப்பதும் தவறு. திருச்சபை மார்ச் 21-ஐ அடிப்படையாகக் கொண்ட தனிக் கணக்கைப் பின்பற்றுவதால், 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-இலேயே வந்துவிட்டது.

அடுத்து, அந்த நாட்டின் பருவத்தை அறிய வேண்டும். இஸ்ரவேல் தேசத்தில் இலையுதிர்காலத்தில் முன்மாரியும், நிசானையொட்டிப் பின்மாரியும் பெய்யும். அதன்பின் கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். பஸ்காவின் முதல் நாளில் யூதர்கள் மழையைக் குறிப்பிடும் வரியைத் தங்கள் ஜெபத்திலிருந்து நிறுத்திப் பனிக்காக வேண்டுவது இதனால்தான். நிசான் கழிந்தபின் பெய்யும் மழை சாபத்தின் அடையாளம் என்று யூதச் சட்டமரபின் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. கோதுமை அறுப்பு நாளில் சாமுவேல் வேண்டிக்கொண்டு மழையை வரவழைத்த நிகழ்ச்சியையே அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. மழையையே எதிர்நோக்கி வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். களத்தில் கிடக்கும் நெல்லின்மேல் மழை விழுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். இந்த மாதத்தில் பூத்திருக்கும் கனிமரங்களைக் கண்டால் ஆண்டுக்கு ஒருமுறை சொல்லும் ஆசீர்வாதமும் உண்டு.

யூத இல்லங்களில் மாதத்தின் முதற்பாதி ஆயத்தத்திலேயே கழிகிறது. ஏழைகளுக்குப் பஸ்கா மாவு வாங்கப் பொருள் கொடுப்பார்கள். பதினாலாம் தேதி தொடங்கும் இரவில் விளக்கொளியில் வீடெங்கும் புளித்த மாவைத் தேடி, மறுநாள் காலையில் எரிப்பார்கள். புளிப்பில்லாத அப்பத்துக்கான மாவைப் பிசைவது முதல் சுட்டெடுப்பது வரை 18 நிமிடங்களைத் தாண்ட விடுவதில்லை. பஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சரசமும் கசப்பான கீரையும் வைத்து விடுதலையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பண்டிகை இஸ்ரவேலில் ஏழு நாட்களும் மரபுவழி யூதர்களிடையே வெளிநாடுகளில் எட்டு நாட்களும் நீடிக்கும்.

இவற்றை அறிந்தபின் வேதப்பகுதிகளை நிசானின் தேதி வரிசையில் படித்துப் பாருங்கள். யாத்திராகமம் 12-இல் ஆட்டுக்குட்டியைத் தெரிந்துகொள்ளும் நாள் பத்தாம் தேதி. யோசுவா 4-இல் ஜனங்கள் யோர்தானைக் கடந்து கரையேறுவதும் அதே பத்தாம் தேதி. அறுப்புக்காலம் முழுவதும் யோர்தான் கரைபுரண்டோடும் என்று முந்தைய அதிகாரம் சொல்வதை இப்போது உங்களால் கண்முன் காண முடியும்: ஆற்றில் வெள்ளம், அக்கரையில் முற்றிய கதிர். பதினாலாம் தேதி மாலையில் கில்காலில் பஸ்கா. மறுநாள் தேசத்தின் தானியம். அதற்கடுத்த நாள், வனாந்தரத்தில் அவர்களுக்கு உணவாகக் கிடைத்துவந்த மன்னா நின்றுபோகிறது. ரூத் பெத்லகேமுக்கு வந்ததும் வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில்தான். எகிப்தில் கல்மழை வாற்கோதுமையை அழித்துக் கோதுமையை விட்டுவைத்ததன் காரணத்தையும் யாத்திராகமம் 9 பயிரின் பருவத்தைக் கொண்டே விளக்குகிறது.

நிசான் 16 முதல் ஒவ்வொரு இரவும் ஒரு நாள் என்று எண்ணி வாருங்கள். ஆலயம் இருந்த காலத்தில் வாற்கோதுமையின் முதற்பலன் செலுத்தப்பட்ட நாள் அது. நிசானில் 15 நாட்கள், இயார் மாதத்தில் 29, சீவான் மாதத்தில் 5, ஆக 49 நாட்கள் நிறைவதை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதாம் நாள், நாம் பெந்தெகொஸ்தே என்றழைக்கும் வாரங்களின் பண்டிகை. அன்று காணிக்கையாக வருவது கோதுமை அப்பம்.