ஜெர்மனியில் முதுகலை படிக்க: பெயர் முதல் விசா வரை

ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் பெரும்பாலும் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்த அக்டோபரில் வகுப்பில் அமர விரும்பும் தமிழக மாணவர் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே ஆவணங்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட வேண்டும். விசாவுக்கான ஏற்பாடு சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். விசாவின் முடிவைத் தீர்மானிக்கும் காகிதங்களில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே தயாராக வேண்டியவை.

முதலில் கடவுச்சீட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தலைப்பெழுத்தும் தன் பெயருமே உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முத்துக்குமார் கே’ என்றிருக்கும் மாணவரின் கடவுச்சீட்டில் ‘முத்துக்குமார் கருப்பசாமி’ என்ற இரண்டும் சேர்ந்து பெயர்ப் பகுதியில் இடம்பெற்று, குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருப்பது மிகவும் சாதாரணம். ஜெர்மனியிலோ பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, நகராட்சி என எங்கு சென்றாலும் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். அது இல்லாதபோது ஒவ்வோர் அலுவலகமும் தனக்குத் தோன்றியபடி பெயரைப் பிரித்து எழுதிக்கொள்ள, ஒரே மாணவர் நான்கு பெயர்களில் பதிவாகிவிடுவார். ஆகவே தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் காட்டி, வேறெந்த விண்ணப்பத்தையும் அனுப்புவதற்கு முன்பே கடவுச்சீட்டை மறுபதிப்புச் செய்துகொள்வது நல்லது. சான்றிதழில் உள்ள ‘கே’ என்பது தந்தை பெயரின் முதலெழுத்தே என்று விளக்கும் நோட்டரி உறுதிமொழி ஒன்றையும் கையில் வைத்திருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மன் முறையில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு. உங்கள் மதிப்பெண்ணை அந்த முறைக்கு மாற்ற, அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்குரிய குறைந்தபட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8 பெற்றவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2 கிடைக்கும், தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 8 புள்ளி 2.5 ஆகிவிடும். பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைப்பதால், உங்கள் பாடத்திட்ட விதிமுறையில் தேர்ச்சிப் புள்ளி எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொண்டு, கணக்குக்குப் பொருந்தும் படிப்புகளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். அரியர் வைத்திருந்தால் அதை மறைக்க முயலக் கூடாது. இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள் என்று விளக்கிப் பின்னர் எழுதும் நோக்கக் கடிதத்தில் காரணத்தை ஓரிரு வரிகளில் நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். புது தில்லியில் இயங்கும் ஏபிஎஸ் மையம் உங்கள் கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து இதை வழங்குகிறது. கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பங்கள் குவியும் மாதங்களில் தாமதமாகும் என்பதாலும், பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்க்கைக்கே இதைக் கேட்பதாலும், பட்டியலில் முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சு முழுமையானதன்று. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் பருவப் பங்களிப்புத் தொகை மட்டுமே உண்டு என்பது மெய். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது.

செலவுக்கான பணம் உங்களிடம் இருப்பதைப் பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்ட் மூலமே, அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கின் மூலமே காட்டுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ அதில் இருக்க வேண்டும். நீங்கள் அங்கு சென்ற பின் மாதம் 992 யூரோ வீதம் விடுவிப்பார்கள். இது செலவான பணமன்று, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உரிய பணமே என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், மிகுதித் தொகைக்கு வங்கி மூலத்தில் வரி வசூலிக்கும். பணம் அனுப்பியவர் வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வங்கியில் எடுத்த கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் இந்த வரி இல்லை. நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் திரட்டும் குடும்பங்கள் இந்த ஒரு வேறுபாட்டை முன்பே தெரிந்துகொண்டால் கடைசி நேர அலைச்சல் குறையும்.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விசா விண்ணப்பத்தை இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் 75 யூரோ. மற்ற ஆவணங்கள் சரியாக இருப்பின், அதிகாரி ஊன்றிப் படிப்பது நோக்கக் கடிதத்தைத்தான். என்னிடம் கடிதத்தைக் காட்டித் திருத்தம் கேட்ட மாணவர்களுள் இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே பத்தியை வரி மாறாமல் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே முகவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கல்லூரியில் செய்த புராஜெக்ட் எது, அதில் எந்த இடத்தில் உங்கள் அறிவு போதவில்லை, அந்தக் குறையை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் நிரப்பும், முடித்த பின் என்ன செய்வீர்கள் என்பவற்றை உங்கள் சொந்த எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே போதும். முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே கட்டணமின்றி மேல்முறையீடு செய்யும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது நீக்கப்பட்டுவிட்டதால், புதிதாக விண்ணப்பிப்பதோ நீதிமன்றம் செல்வதோதான் மிச்சம். முதல் விண்ணப்பத்தையே பிழையின்றி அனுப்ப வேண்டியதன் தேவை அதனால் கூடியிருக்கிறது.

விசாவுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் அறை தேடுங்கள். மாணவர் நல அமைப்பின் விடுதிக்குக் காத்திருப்போர் வரிசை நீளம் என்பதால், சேர்க்கை உறுதியானதும் பதிவு செய்துவிட வேண்டும். வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்பவர் எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ தொடக்கநிலை ஜெர்மனாவது கற்றுச் செல்லுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் அலுவலகங்களிலும் அதுதான் கைகொடுக்கும்.

பெட்டியில் பொடி வகைகளை வைக்கலாம். பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், அம்மா ஆசையாகக் கட்டித் தரும் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். மூலச் சான்றிதழ்கள் கைப்பையிலேயே வரட்டும். அறைக்குக் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் தேவை. சாவியை வாங்கும் நாளிலேயே அந்தக் கையொப்பத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.