வன்னியில் பழைய வாகனம்: கறளுக்கு நாமே வழிவிடும் தவறுகள்

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் போன மார்கழியில் ஊருக்கு வந்திருந்தான். முற்றத்தில் நின்ற என் பழைய டொல்பின் வானுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "அத்தான், இங்க ஸ்னோவும் இல்லை, றோட்டில உப்பும் கொட்டுறேல்லை. பிறகு என்னெண்டு இப்பிடிக் கறள் பிடிச்சது?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். அங்கே குளிர்காலத்தில் வீதியில் உறையும் பனியைக் கரைக்க உப்புப் போடுவார்கள். அது சில்லில் ஏறி அடிப்பக்கம் முழுக்கத் தெறிக்கும். இங்கே உப்பு காற்றில் வருகிறது. வாடை பெயர்ந்தால் முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்துக்குக் கடல் துமி அடிக்கும். தென்மேற்குச் சோளகக் காற்றுத் தொடங்கினால் பூநகரியிலிருந்து மன்னார் வரைக்கும் அதே கதை. ஆனையிறவுப் பக்கம் கோடையில் பரவைக்கடல் வற்றி வெள்ளை பூத்துக் கிடக்கும். காற்று அந்தப் புழுதியையும் தூக்கிக்கொண்டு வரும். கனடாக்காரருக்கு உப்பு ஒரு பருவத்துப் பிரச்சினை. நமக்கு வருடம் முழுவதும்.

உப்பு காய்ந்து கிடக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. நீர் வேண்டும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தொட்டதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் வறண்ட காற்றிலேயே பிசுபிசுக்கும். மழையே பெய்யாத நாளிலும் வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டமான சசியின் மேல் உப்புத் தண்ணீர்ப் படலம் இருப்பது இதனால்தான்.

முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. மாரி மழைதான் வாகனத்தைக் கெடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கார்த்திகையில் கொட்டும் பெருமழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கெடுப்பது தை, மாசிப் பனி. இரவில் விழும் பனி வாகனத்தை நனைக்கும், ஆனால் கழுவாது. அதனால் மழை நேரடியாகப் படாத இடங்கள்தான் முதலில் போகின்றன: மட்காட்டின் உள்மடிப்பு, கதவின் அடி விளிம்பு, மிதிபலகைக்குள் இருக்கும் பெட்டிப் பகுதி, சசியின் உட்பக்கம். நாம் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதோ கூரையையும் பொனற்றையும். அவை கறள் பிடிக்க நாள் செல்லும், ஏனென்றால் மழையே அவற்றைக் கழுவிவிடுகிறது.

ஆக, கழுவுவது என்றால் கீழிருந்து தொடங்க வேண்டும். குழாயை மட்காட்டுக்குள் விட்டு, மடிப்புகளில் ஒட்டியிருக்கும் சேற்றை விரலால் வழித்து எடுங்கள். கிறவல் றோட்டுச் சேறு உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு மாதிரி. கதவின் அடியில் தண்ணீர் வடிய மூன்று நான்கு சிறு துளைகள் இருக்கும். அவை புழுதியால் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளேயிருந்து உக்கும். கம்பியால் குத்தாதீர்கள், பெயின்ற் போய்விடும். ஓர் ஈர்க்குப் போதும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கரையோரக் கிணறுகள் பல சவர். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் வாகனத்தைக் கழுவினால், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். நல்ல தண்ணீர் குறைவென்றால் மேற்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இருக்கிற இரண்டு வாளியையும் அடிப்பக்கத்துக்குச் செலவழியுங்கள். குளத்துக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் இறக்கிக் கழுவும் பழக்கம் வேறு இருக்கிறது. தண்ணீர் நல்லதாக இருந்தாலும் அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் புகுந்துவிடும், ஒயிலும் கிறீஸும் குளத்தில் கலக்கும்.

கடற்கரையில் படகு இழுக்கும் உழவு மிசின்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மிசின் அதில் இறங்கத்தான் வேண்டும். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீர் அடித்து, சில்லுக் குடத்துக்குக் கிறீஸ் போடுகிறவரின் மிசின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கவனிக்கப்படாதது மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள். ஐஸ் உருகி, மீனில் இருக்கிற உப்போடு சொட்டுச் சொட்டாகப் பின்சில்லுக் கம்பிகளிலும் செயினிலும் விழுந்துகொண்டே இருக்கும். பெட்டியின் அடியில் ஒரு குழாயைப் பொருத்தி அந்தத் தண்ணீரைச் சில்லுக்கு வெளியே வடிய விட்டால் ஒரு சோடி றிம் மிஞ்சும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலையில்லைதான், ஆனாலும் புது றிம்மை விட மலிவு.

கடலுக்குப் பல மைல் உள்ளே, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் இருப்பவர்களும் தப்பவில்லை. எம்ஓபி உரம் என்பது பொட்டாசியம் குளோரைட். இரும்புக்கு அதுவும் கடலுப்பும் ஒன்றுதான். கிழிந்த பையிலிருந்து மிசின் பெட்டியில் கொட்டிய உரத்தைக் கூட்டி எடுக்காமல் விட்டால், அடுத்த பனியில் தகரம் அரிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது படங்கு. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தறப்பாளை இழுத்து மூடி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, புல்லுத் தரையில் மாதக்கணக்கில் விடுவார்கள். நிலத்து ஈரம் மேலே எழும்பும், வெளியே போக வழியிருக்காது, படங்கின் உட்பக்கம் வியர்த்து வாகனத்தின் மேலேயே சொட்டும். நாலு தடி நட்டு, கிடுகோ தகரமோ போட்ட பக்கம் திறந்த கொட்டில் இதைவிடப் பல மடங்கு நல்லது. கீழே கிறவல் கொட்டியிருந்தால் இன்னும் திறம். மச்சானும் இதற்கு ஒத்த கதையொன்று சொன்னான்: உப்பு அப்பிய காரைச் சூடேற்றிய கராஜுக்குள் விட்டால் வெளியே உறைகுளிரில் நிற்பதைவிட வேகமாகக் கறள் பிடிக்குமாம். சூடு ஏற ஏற அரிப்பும் வேகமாகும். நமக்கோ வருடம் முழுக்கச் சூடுதான்.

சரி, என் வானின் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் மிதிபலகை ஓரம் கொப்புளம் கண்டது. ஒரு கராஜில் விட்டேன். மேலாகத் தேய்த்து, புட்டி அப்பி, பெயின்ற் அடித்து, புதுசு மாதிரித் தந்தார்கள். எனக்கும் சந்தோசம், காசும் குறைவு. அடுத்த பனிக்காலம் முடிவதற்குள் அதே இடம் ஒரு கை அகலத்துக்கு வீங்கி, விரலால் அமர்த்தியதும் உள்ளே போய்விட்டது. கறள், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும்; அதுதான் பெயின்றை உள்ளேயிருந்து தள்ளுகிறது. புட்டி வேறு ஈரத்தை உறிஞ்சும். குற்றம் கராஜில் மட்டும் இல்லை, மலிவாக முடியட்டும் என்று சொன்னவன் நான்தான்.

சரியான முறை சலிப்பானது. வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஓட்டை இருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ணி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது பற்றரி வயரைக் கழற்றிவிட வேண்டும், பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட என்றால் தாங்கியையே கழற்ற வேண்டும். குழிகளில் மிஞ்சும் கறளுக்கு, அதைக் கருமையான உறுதிப் படலமாக மாற்றும் திரவம் கடைகளில் இருக்கிறது. பிறகு பிறைமர், அதன் மேல் பெயின்ற். இதில் எல்லோரும் தாண்டிப் போகும் படி ஒன்று உண்டு: பிறைமருக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி நன்றாக உலர விடுவது. கண்ணுக்குத் தெரியாத உப்பு அடியில் இருந்தால் அது பெயின்றுக்கு ஊடாக ஈரத்தை இழுத்துத் திரும்பவும் கொப்புளம் போடும். பனி காய்ந்த பிறகு, மாசி பங்குனி நடுப்பகலில் இந்த வேலையைச் செய்யலாம். சோளகம் அடிக்கையில் திறந்த வெளியில் பெயின்ற் அடிப்பது வீண்.

கழிவு ஒயில் பூசுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம் அது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனத்துக்கு வேறு என்னதான் கிடைத்தது? ஆனால் எரிந்த ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், றப்பர் புஸ்களை ஊதவைக்கும், தோலுக்கும் கூடாது. சொட்டுவது முற்றத்து மண்ணில், மண்ணுக்கு அடுத்தது கிணறு. தார் மாதிரித் தடிப்பான றப்பர்ப் பூச்சும் பழைய வாகனத்துக்குத் தோதில்லை. ஏற்கெனவே கறள் இருக்கும் இடத்தின் மேல் அதை அடித்தால், வெடிப்பு வழியே போன ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், நமக்கு எதுவும் தெரியவும் வராது. இடுக்குகளில் ஊர்ந்து போகும் மெழுகு அல்லது ஒயில் வகைப் பூச்சுகள் இதற்கென்றே வருகின்றன. வாகனத்தைக் கழுவி உலர்த்தி, மாரிக்கு முன் ஒருமுறை அடியுங்கள். பிரேக், சைலன்சர், றப்பர் மேல் படாமல்.

பிரேக் என்றதும் ஒன்று. மற்றக் கறள் எல்லாம் காசுப் பிரச்சினை, பிரேக் குழாய்க் கறள் உயிர்ப் பிரச்சினை. சசியை ஒட்டி ஓடும் அந்த மெல்லிய இரும்புக் குழாயில், பிடிப்பிகளின் அடியில்தான் அரிக்கும். செதில் செதிலாகக் கழன்றால் பெயின்ற் அடித்து மூடாமல் குழாயையே மாற்றுங்கள்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று 2025 இல் மறுபடி திறக்கும் வரைக்கும், ஊரில் ஓடியதெல்லாம் பழசுதான். இன்றும் பலருக்குப் பழசுதான் கட்டுப்படியாகிறது. வாங்கப் போகும்போது பழைய றேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். மிதிபலகை, மட்காட் விளிம்பு, கதவின் அடி என்று வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், தடிப்பாக அப்பிய புட்டியில் ஒட்டாது. என் வானில் அந்தக் காந்தம் இரண்டு இடத்தில் கழன்று விழுந்ததை மச்சானுக்கு நான் காட்டவில்லை.